மாட்டுக்கு மின்னணுக் காதுவில்லை, ரீடர்: எதை வாங்கலாம், எதை விடலாம்

பண்ணைக்கு மின்னணுக் காதுவில்லை வாங்க வருபவர்களில் பலர் எடுத்த எடுப்பில் கேட்பது, "மாடு திருட்டுப் போனால் எங்கே நிற்கிறதென்று போனில் காட்டுமா?" என்பதுதான். காட்டாது. காதில் மாட்டும் அந்த வட்ட வில்லைக்குள் பேட்டரி கிடையாது. செம்புக் கம்பிச் சுருள் ஒன்று, எள்ளளவு சில்லு ஒன்று, அவ்வளவுதான். ரீடரைப் பக்கத்தில் கொண்டுபோனால் அது பரப்பும் காந்தப்புலத்திலிருந்து மின்சாரத்தை உறிஞ்சிக்கொண்டு தன் 15 இலக்க எண்ணைச் சொல்லும். ரீடரை விலக்கினால் ஊமையாகிவிடும். இதை மறைத்து விற்கும் கடை எதுவானாலும் அங்கே வாங்காதீர்கள்.

பின் எதற்கு இது? விடிகாலை இருட்டில், ஈரக் காதில், தலையை ஆட்டிக்கொண்டே நிற்கும் மாட்டின் அரசு மஞ்சள் வில்லையில் உள்ள 12 இலக்க எண்ணைக் கண்ணால் படித்து நோட்டில் எழுதும்போது 3 எட்டாகும், 1 ஏழாகும், நடுவில் ஓர் இலக்கம் விட்டுப்போகும். கறந்த பால் அளவு, எடை, சினை ஊசி போட்ட தேதி, கோமாரித் தடுப்பூசி, குடற்புழு மருந்து எல்லாம் அந்த எண்ணில்தான் தொங்குகின்றன. எண் தப்பினால் கணக்கு முழுவதும் வேறு மாட்டுக்குப் போய்விடும். மின்னணு வில்லை இந்த ஒரு தவறைத்தான் நீக்குகிறது. அதை மிக நன்றாகவே நீக்குகிறது. 10 முதல் 100 மாடு வரை வைத்திருக்கும் தமிழ்நாட்டுப் பால் பண்ணையை மனத்தில் வைத்து, சந்தையில் கிடைக்கும் வகைகளை இங்கே எடைபோடுகிறோம்.

மஞ்சள் வில்லை உள்ளவர்களுக்கு

கால்நடைத் துறையினர் மாட்டிவிடும் மஞ்சள் வில்லையில் 12 இலக்க எண்ணும் பார்கோடும் இருக்கும். 2019 செப்டம்பரில் தொடங்கிய தேசியக் கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தில், கோமாரித் தடுப்பூசியோடு சேர்த்து இது நாடு முழுக்கப் பரவியது. முன்பு தேசியப் பால்வள வாரியத்தின் இனாஃப் தளத்தில் ஏறிய விவரங்கள் இப்போது பாரத் பசுதன் தளத்தில் ஏறுகின்றன. இது அடையாள வில்லைதான், ஆனால் மின்னணு வில்லை அல்ல. உள்ளே சில்லு இல்லை. போன் கேமராவால் பார்கோடைப் படிக்கலாம். அதற்கு வில்லை சுத்தமாகவும், காது அசையாமலும், கேமரா நேராகவும் இருக்க வேண்டும்.

பதினைந்து மாட்டுக்குள் வைத்திருப்பவருக்கு இது போதும் என்பது எங்கள் கணிப்பு. அந்த எண்ணிக்கையில் மாட்டுக்குப் பெயர் உண்டு, கறப்பவருக்கு முகம் தெரியும். மஞ்சள் வில்லையின் எண்ணையும் மாட்டின் பெயரையும் ஒரே தாளில் எழுதித் தொழுவத்துச் சுவரில் ஒட்டினால் வேலை முடிந்தது. சாணமோ, மாட்டுப் பொங்கலுக்குப் பூசிய வண்ணமோ பார்கோடை மூடியிருந்தால் ஈரத்துணியால் துடையுங்கள். தின்னர், பெட்ரோல் தொட்டுத் துடைத்தால் அச்சும் பிளாஸ்டிக்கும் சேர்ந்து கெடும்.

மின்னணு வில்லைக்குப் போனாலும் மஞ்சளைக் கழற்றக் கூடாது. காப்பீட்டுப் பத்திரத்தில் இருப்பது எந்த வில்லையின் எண்ணோ, அந்த வில்லை காதில் இல்லையென்றால் இழப்பீடு கேட்கும் நாளில் சிக்கல் வரும். மின்னணு வில்லையை மறு காதில் மாட்டுங்கள்.

சில்லில் என்ன இருக்கிறது

கால்நடைக்கான சில்லு 134.2 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் வேலை செய்யும். எண்ணின் அமைப்பை ஐஎஸ்ஓ (சர்வதேசத் தர அமைப்பு) 11784 தரமும், பேசும் முறையை ஐஎஸ்ஓ 11785 தரமும் சொல்கின்றன. 15 இலக்கத்தில் முதல் மூன்று நாட்டுக் குறியீடாகவோ தயாரிப்பாளர் குறியீடாகவோ இருக்கும். இந்தியாவுக்கு 356. தயாரிப்பாளர் குறியீடுகளை உலகக் கால்நடைப் பதிவு அமைப்பான ஐகார் ஒதுக்குகிறது, அவை 9 என்ற இலக்கத்தில் தொடங்கும். 900 பல தயாரிப்பாளர்களுக்குப் பொதுவான குறியீடு, எனவே அதில் வாங்கினால் எண் வரிசை யாருடையது என்று விற்பவரிடம் எழுத்தில் கேளுங்கள். 999 என்று தொடங்கினால் அது சோதனைக்கான சில்லு, பண்ணைக்கு ஆகாது.

இங்கே ஒரு நுணுக்கம். "உங்கள் மஞ்சள் வில்லையின் 12 இலக்க எண்ணையே சில்லில் எழுதித் தருகிறோம்" என்று சொல்லி விற்பவர்கள் உண்டு. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் ஐஎஸ்ஓ அமைப்பில் மாட்டின் எண்ணுக்கு ஒதுக்கியது 38 பிட். அதில் அடங்கும் மிகப் பெரிய எண் 274877906943. உங்கள் மஞ்சள் வில்லையின் எண் 3, 4 என்று தொடங்கினால் அந்த இடத்தில் அது அடங்கவே அடங்காது. வலிந்து எழுதினால் ரீடர் வேறு எண்ணைக் காட்டும். அதோடு, எண்ணை எழுதித் தர முடிகிறதென்றால் அந்தச் சில்லை யாரும் மறுபடி அழித்து எழுத முடியும் என்றே பெரும்பாலும் பொருள். அடையாளத்துக்கு அது உதவாது. ஆலையிலேயே எண் பூட்டப்பட்டு வரும் சில்லை வாங்கி, மஞ்சள் எண்ணையும் சில்லு எண்ணையும் ஒரு அட்டவணையில் பக்கத்தில் பக்கத்தில் வைப்பதே சரி.

இன்னொரு ஏமாற்றம் 125 கிலோஹெர்ட்ஸ் சில்லு. அலுவலகக் கதவு திறக்கும் அட்டையில் இருப்பதும் அதே வகைதான். அதைக் காதுவில்லைக்குள் போட்டு மலிவாக விற்கிறார்கள். அதன் எண் பத்து இலக்கமாக வரும், ஐஎஸ்ஓ ரீடர் அதைக் கண்டுகொள்ளாது. பெட்டியில் "ஆர்எஃப்ஐடி" (ரேடியோ அலையால் அடையாளம் காணும் முறை) என்று மட்டும் போட்டிருந்தால் போதாது. 134.2 என்ற எண்ணும் ஐஎஸ்ஓ தர எண்களும் இருக்க வேண்டும்.

எஃப்டிஎக்ஸ்-பியா, எச்டிஎக்ஸா

இரண்டும் ஒரே ஐஎஸ்ஓ தரத்துக்குள் வரும் சில்லு வகைகள், பேசும் விதம்தான் வேறு. எஃப்டிஎக்ஸ்-பி சில்லு ரீடரின் புலம் ஓடிக்கொண்டிருக்கும்போதே பதில் சொல்லும். ஒரு முறை எண்ணைச் சொல்லி முடிக்க அதற்குச் சுமார் 30 மில்லி விநாடி. எச்டிஎக்ஸ் சில்லுக்குள் சிறு மின்தேக்கி உண்டு. ரீடர் 50 மில்லி விநாடி புலத்தைப் பரப்பி அதை நிரப்பும், பிறகு வாயை மூடிக்கொள்ளும். அந்த அமைதியில் 20 மில்லி விநாடிக்குள் சில்லு தன் எண்ணைச் சொல்லிவிடும். ரீடரின் சொந்தச் சத்தம் இல்லாத நேரத்தில் பேசுவதால், அதே அளவு வில்லையில் எச்டிஎக்ஸ் கொஞ்சம் அதிகத் தூரத்துக்கு எட்டும். விலையும் அதிகம்.

கையில் ரீடரைப் பிடித்து, கட்டிப்போட்ட மாட்டின் காதருகே போய்ப் படிப்பதாக இருந்தால் எஃப்டிஎக்ஸ்-பி போதும், கூடுதல் காசு வீண். மாடுகள் நடந்துபோகும் வழியில் பலகை ரீடர் வைக்கும் எண்ணம் இருந்தால் எச்டிஎக்ஸ் வாங்குங்கள். இரண்டையும் கலந்து மாட்டாதீர்கள். பல ரீடர்கள் இரண்டையும் படிக்கும் என்றாலும், ஒரே மந்தையில் சிலது எட்டி, சிலது எட்டாமல் போனால் கோளாறு வில்லையிலா, ரீடரிலா, மாடு நின்ற நிலையிலா என்று கண்டுபிடிப்பதே பெரும்பாடாகிவிடும்.

வில்லை வந்ததும், காதில் போடுமுன் ஒவ்வொன்றையும் ரீடரில் வாசித்து, மேலே அச்சிட்ட எண்ணோடு ஒப்பிடுங்கள். நூறு வில்லைக்கு அரை மணி நேர வேலை. இதைச் செய்யாமல் விட்டு, ஊமை வில்லை ஒன்று காதில் ஏறிவிட்டால், அதை வெட்டி எடுத்து மறுபடி துளையிடும் வலி அந்த வாயில்லாச் சீவனுக்குத்தான்.

ரீடர்கள்

சில ஆயிரம் ரூபாயில் கிடைக்கும் கைக்கு அடக்கமான ரீடர்கள், முனையில் வளையமும் நடுவில் சின்னத் திரையும் உள்ளவை, காதுவில்லையை 10 முதல் 15 சென்டிமீட்டரில் படிக்கும். கட்டுத்தறியில் நிற்கும் சாதுவான கறவைக்கு இது தாராளம். கொம்பு வீசும் மாட்டுக்கும், கை பட்டால் துள்ளும் கிடாரிக்கும் அந்தத் தூரம் ஆபத்து. அங்கே தடி ரீடர் வேண்டும். அரை மீட்டருக்கும் மேல் நீளமான தடியின் முனையில் ஆன்டெனா இருக்கும். வில்லையைச் சுமார் 25 முதல் 35 சென்டிமீட்டரில் பிடிக்கும் என்பதால், தடியின் நீளமும் சேர்ந்து ஆள் கொம்புக்கு எட்டாத இடத்தில் நிற்கலாம். ஆல்ஃப்ளெக்ஸ், ட்ரூ-டெஸ்ட், காலகர் போன்ற பெயர்பெற்ற நிறுவனங்களின் தடி ரீடர்கள் விலை கூடியவை. ஐம்பது மாட்டுக்குக் கீழே உள்ள பண்ணைக்கு அந்த விலை கட்டுப்படியாகாது. கூட்டுறவுச் சங்கமோ உழவர் உற்பத்தியாளர் நிறுவனமோ ஒன்றை வாங்கிச் சுற்றில் விடலாம்.

எந்த ரீடராக இருந்தாலும் கடையிலேயே இதைச் செய்து பாருங்கள். வில்லையை மேசையில் வைத்து, ரீடரை மூன்று கோணத்தில் நீட்டுங்கள்: வில்லையின் முகம் பார்த்து, விளிம்பு பார்த்து, சாய்த்து. முகம் பார்த்தால் தூரத்திலேயே "பீப்" வரும். விளிம்பு பார்த்தால் தொட்டாலும் சில நேரம் வராது. அது பழுதல்ல. வில்லைச் சுருளின் வழியாகக் காந்தப்புலம் ஊடுருவிப் போக வேண்டும், பக்கவாட்டில் உரசிப் போனால் மின்சாரம் ஏறாது. தொழுவத்தில் மாடு தலையைத் திருப்பும்போது வாசிப்பு விட்டுவிட்டு வருவதன் காரணமும் இதுவே. அப்போது ரீடரை இன்னும் கிட்டே அழுத்துவதை விட, மணிக்கட்டைத் திருப்பிக் கோணத்தை மாற்றுங்கள்.

இரண்டு வில்லையை ஒட்டி வைத்தும் வாசித்துப் பாருங்கள். பெரும்பாலும் இரண்டுமே வராது, அல்லது கிட்டே இருப்பது மட்டும் வரும். இந்தத் தரத்தில் ஒன்றையொன்று விலக்கிப் பேசும் ஏற்பாடு இல்லை. ஆகவே ஒரு நேரத்தில் ஒரு காது. தீவனத் தொட்டியில் இரண்டு மாடு காதோடு காது உரசி நிற்கும்போது வாசித்த எண்ணை நம்பக் கூடாது.

ரீடரின் மின்கலம், நீர் புகாத் தன்மை எல்லாம் விளம்பரத்தில் வரும். விளம்பரத்தில் வராதது புளூடூத் முறை. சில ரீடர்கள் போனுக்கு விசைப்பலகை போலத் தெரியும். கர்சர் எங்கே நிற்கிறதோ அங்கே எண்ணைத் தட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போகும். இது எந்தச் செயலியிலும் வேலை செய்யும், ஆனால் இணைந்திருக்கும்வரை போனின் திரை விசைப்பலகை மறைந்துவிடலாம், பால் அளவைத் தட்ட முடியாது. வேறு சில ரீடர்கள் தொடர் இணைப்பு முறையில் பேசும். அதற்கு அந்த ரீடரை அறிந்த செயலியே வேண்டும், ஐபோனில் பல வேளை ஓடாது. இரண்டு முறையும் மாற்றிக்கொள்ளும் வசதி உள்ளதாகப் பார்த்து, உங்கள் போனைக் கையோடு கொண்டுபோய் இணைத்துக் காட்டச் சொல்லி வாங்குங்கள்.

தொழுவத்தில் ஏன் படிக்கவில்லை

கடையில் 30 சென்டிமீட்டருக்குப் பேசிய வில்லை தொழுவத்தில் 10 சென்டிமீட்டருக்குத் தேய்ந்துவிட்டால், முதலில் இரும்பைப் பாருங்கள். ஜிஐ குழாய்த் தடுப்பு, கழுத்துச் சங்கிலி, தகரக் கூரைத் தாழ்வாரம் எல்லாம் காந்தப்புலத்தைத் தின்னும். குறிப்பாக மூடிய வளையமாக இருக்கும் இரும்பு. பிறகு மின் இரைச்சல். பால் கறவை இயந்திரத்தின் வெற்றிடப் பம்புக்கு வேக மாற்றிக் கருவி போட்டிருந்தால் அதுதான் முதல் குற்றவாளி. மலிவு எல்இடி விளக்கின் மின்மாற்றி, போன் சார்ஜர், மின்வேலிக் கருவி அடுத்த வரிசை. சோதிப்பது எளிது. எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஒரே மாட்டை ஒரே தூரத்தில் பத்து முறை வாசியுங்கள். பிறகு ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே வாருங்கள். எதைப் போட்டதும் எண்ணிக்கை விழுகிறதோ அதுதான். அதன் கம்பியை இரும்புக் குழாய்க்குள் விட்டு நில இணைப்புக் கொடுத்தாலே பாதிச் சிக்கல் தீரும்.

நடைவழியில் வைக்கும் பலகை ரீடரை இரும்புத் தடுப்பில் நேராகத் திருகி மாட்டிவிட்டு "தூரமே எட்டவில்லை" என்று சொல்பவர்கள் அதிகம். மரச்சட்டமோ தடித்த பிளாஸ்டிக்கோ கொடுத்து இரும்பிலிருந்து விலக்கி, வழியை ஒரு மாடு மட்டும் போகும் அகலத்துக்குக் குறுக்க வேண்டும். இரண்டு பலகையை அருகருகே வைத்தால் ஒன்றின் புலம் மற்றதன் காதை அடைத்துவிடும், ஒத்திசைவுக் கம்பி போட்டாக வேண்டும்.

பலகை ரீடரைக் கறவைக் கூடத்தின் வாசலில் வைப்பவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. வரிசையாக எட்டு மாடு உள்ளே போகிறது, மூன்றாவது மாட்டின் வில்லை படிக்கவில்லை என்று வையுங்கள். கணினி நான்காவது மாட்டை மூன்றாம் இடத்தில் வைக்கும், அதற்குப் பின்னால் வரும் எல்லா மாட்டின் பாலும் ஒரு இடம் தள்ளிப் பதிவாகும். யாருக்கும் தெரியாது, ஏனென்றால் மொத்தப் பால் சரியாகவே இருக்கும். வாரக் கடைசியில் இருபது லிட்டர் கறக்கும் மாடு எட்டு லிட்டராகத் தெரியும்போதுதான் விழிப்பு வரும். வரிசை நிறைந்ததும் படித்த எண்ணிக்கையும் நிற்கும் மாட்டின் எண்ணிக்கையும் ஒத்துப்போகாவிட்டால் எச்சரிக்கும் மென்பொருளை மட்டும் வாங்குங்கள். அந்த வசதி இல்லையென்றால், கறக்குமுன் தடி ரீடரால் ஒவ்வொரு நிலையிலும் வாசிப்பதே மேல்.

காதில் மாட்டும் முறை

வில்லை நல்லதாக இருந்தும் காது புண்ணாகி விழுவதற்குப் பெரும்பாலும் காரணம் மாட்டிய இடம். காதை அடியிலிருந்து நுனிவரை மூன்று பங்காக நினைத்துக்கொள்ளுங்கள். வட்ட வில்லை நடுப்பங்கில், தலைப்பக்கம் சற்று ஒட்டி வர வேண்டும். காதின் நீளவாக்கில் ஓடும் இரண்டு குருத்தெலும்பு வரம்பு விரலுக்குத் தட்டுப்படும், அவற்றுக்கு நடுவில் உள்ள பள்ளமே இடம். காதை விரித்து வெளிச்சத்துக்குக் காட்டினால் இரத்தக் குழாய்கள் இழையிழையாகத் தெரியும், அவற்றை விட்டு விலகுங்கள். நுனிப்பக்கம் மாட்டினால் தீவனத் தொட்டியிலும் வேலிக் கம்பியிலும் மாட்டிக் கிழியும். சில்லு உள்ள வட்டத் துண்டு காதின் உள்பக்கமும், ஆணித் துண்டு பின்பக்கமும் வர வேண்டும். திருவாரூர், நாகப்பட்டினம் பக்கம் உம்பளாச்சேரி மாடுகளுக்குக் காதோரத்தைச் சீவி வடிவம் செய்யும் வழக்கம் இருக்கிறது. அப்படிச் சீவிய காதில் விளிம்புக்கும் வில்லைக்கும் இடைவெளி குறைந்துவிடும், இன்னும் உள்ளே தள்ளி மாட்டுங்கள்.

மாட்டைக் கவணைச் சட்டத்தில் நிறுத்தித் தலையை அசையாமல் கட்டுங்கள். மூக்கணாங்கயிற்றை மட்டும் பிடித்துக்கொண்டு மாட்டினால், ஆணி இறங்கும் நொடியில் தலையைச் சுண்டும், காது பிளந்துவிடும். காதின் இருபக்கமும் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, ஆணி முனையை போவிடோன் அயோடினில் நனைத்துக்கொள்ளுங்கள். வில்லை மாட்டும் குறட்டின் ஊசி அந்த வில்லை நிறுவனத்துக்கு உரியதா என்று பாருங்கள். ஊசியின் தடிமன் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், பொருந்தாத ஊசி வளைந்து ஆணி கோணலாக ஏறும். ஒரே அழுத்து, தயங்காமல், "டக்" என்ற ஓசை கேட்கும்வரை. உடனே விடுவித்துவிட்டு வில்லையை விரலால் ஒரு சுற்றுச் சுற்றுங்கள். தடங்கலில்லாமல் சுற்ற வேண்டும், காதுக்கும் வில்லைக்கும் நடுவே காற்றுப் போக இடம் இருக்க வேண்டும். இறுக்கிப் பிடித்திருந்தால் வீங்கும்போது சதை அழுகும்.

ஈ மொய்க்கும் மழைக்காலத்தில் இந்த வேலையைத் தள்ளிப்போடுங்கள். மாட்டிய மூன்றாம் நாளும் ஏழாம் நாளும் பத்தாம் நாளும் காதைத் திருப்பிப் பாருங்கள். உலர்ந்த பொருக்கு இருந்தால் கவலையில்லை. ஈரம், வாடை, காதைத் தொங்கப்போடுதல் தெரிந்தால் கழுவி போவிடோன் போடுங்கள். புழு வைத்திருந்தால் கற்பூரத் தைலம் நனைத்த பஞ்சை வைத்துப் புழுவை வெளியே வரவைத்து எடுத்த பிறகே புண் ஸ்ப்ரே அடிக்க வேண்டும். புழு உள்ளே இருக்க மேலே மருந்து அடித்து மூடுவது பயன்தராது. ஆழமாகப் போயிருந்தால் 1962 எண்ணுக்கு அழைத்து நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியை வரவழையுங்கள்.

கணக்கு கெடும் இடம்

ரீடரிலிருந்து எண்களைக் கணினிக்கு இறக்கி எக்செலில் திறந்தால், 15 இலக்கமும் 9.82E+14 என்று சுருங்கிக் காட்டும். 12 இலக்க மஞ்சள் எண்ணுக்கும் இதே கதிதான். அந்த நிலையிலேயே சிஎஸ்வி கோப்பாகச் சேமித்தால் திரையில் தெரிந்ததுதான் சேமிக்கப்படும், மீதி இலக்கங்கள் திரும்பி வரவே வராது. நூறு மாட்டுக்கும் ஒரே எண். இதைத் தவிர்க்க, கோப்பை இருமுறை தட்டித் திறக்காதீர்கள். எக்செலில் இறக்குமதி வழியாகக் கொண்டுவந்து, எண் வரும் நெடுவரிசையை "எழுத்து" வகையாகத் தேர்ந்தெடுங்கள். இன்னொன்று, சில ரீடர்கள் முதல் மூன்று இலக்கத்துக்குப் பின் ஒரு இடைவெளி விட்டு அனுப்பும். பழைய பட்டியலில் இடைவெளி இல்லாமல் இருந்தால் கணினிக்கு இரண்டும் வேறு வேறு மாடு. ரீடர் அமைப்பில் ஒரே வடிவத்தை முதல் நாளே முடிவுசெய்துவிடுங்கள். ரீடரின் கடிகாரத்தையும் பாருங்கள். மின்கலம் முழுக்க இறங்கினால் தேதி பழைய ஆண்டுக்குப் போய்விடும் கருவிகள் உண்டு, சினை ஊசித் தேதி தப்பினால் கன்று ஈனும் கணக்கே தப்பும்.

வில்லை விழுந்தால் புது எண்ணைப் பழைய எண்ணின் இடத்தில் அடித்து எழுதாதீர்கள். பழைய எண், விழுந்த தேதி, புது எண் மூன்றும் ஒரு வரியில் இருக்க வேண்டும். மஞ்சள் வில்லை விழுந்தால் கால்நடை மருத்துவமனையில் சொல்லிப் புது வில்லை போட்டு, தளத்தில் பழைய எண்ணோடு இணைக்கச் சொல்லுங்கள். புது மாடாக ஏற்றிவிட்டால் தடுப்பூசி வரலாறு போய்விடும். காப்பீட்டு நிறுவனத்துக்கும் அன்றே எழுத்தில் தெரிவியுங்கள். செயலி எதுவானாலும் உங்கள் பட்டியலை முழுதாக வெளியே எடுக்கும் வசதி இல்லையென்றால், மாதச் சந்தா எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம்.

மற்ற வகைகள்

யுஎச்எஃப் (மிகை உயர் அதிர்வெண்) வில்லைகளை "ஐந்து மீட்டரில் படிக்கும்" என்று சொல்லி விற்கிறார்கள். இந்தியாவில் 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரை உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம், வில்லையும் மலிவு. ஆனால் அந்த அலையை நீர் விழுங்கும், மாட்டின் உடலில் பெரும்பகுதி நீர். காது தலைக்குப் பின்னால் மறைந்தால் எட்டாது. எட்டும்போது நிற்கும் மாட்டை மட்டுமல்லாமல் பக்கத்து நான்கு மாட்டையும் சேர்த்துப் படிக்கும். வாயிலில் எத்தனை மாடு போனதென்று எண்ண உதவும். எடைத் தராசிலும் கறவையிலும் எந்த மாடு என்று சொல்ல உதவாது. பால் பண்ணைக்குப் பரிந்துரைக்க மாட்டோம்.

வயிற்றுக்குள் போடும் பீங்கான் குளிகை வலைவயிற்றில் (மாட்டின் இரண்டாம் இரைப்பை அறையில்) போய்த் தங்கிவிடும், காதைப் போலக் கிழியாது, எளிதில் அகற்ற முடியாது. ஆனால் வெளியே பார்த்துப் படிக்க எண் இல்லை, சின்னக் கன்றுக்குப் போட முடியாது, தவறான கையில் மூச்சுக்குழாய்ப் பக்கம் இறங்கும் ஆபத்து உண்டு. கால்நடை மருத்துவர் கையால் மட்டுமே செய்ய வேண்டிய வேலை.

மாடு இருக்கும் இடம்தான் தெரிய வேண்டுமென்றால் ஜிபிஎஸ் கழுத்துப்பட்டைதான் வழி. அதற்குப் பேட்டரியும் சிம்மோ லோரா (குறைந்த மின்சாரத்தில் நெடுந்தூரம் பேசும் ரேடியோ) நிலையமோ வேண்டும். ஈரோடு மாவட்டப் பர்கூர் மலை போலக் காட்டுக்குள் பட்டி போட்டு மேய்க்கும் இடங்களில் சிக்னல் இல்லாத பள்ளத்துக்குள் மாடு இறங்கிவிட்டால் பட்டையும் பேசாது. மேய்ச்சல் பாதையில் எங்கெங்கே சிக்னல் வருகிறதென்று போனை வைத்து நடந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

பருவம் காட்டும் கழுத்துப்பட்டைகளுக்கும் இங்கே ஒரு வார்த்தை. பருவத்துக்கு வந்த மாடு அதிகம் நடக்கும், அசைபோடுவது குறையும், பட்டை அதைக் கணித்துச் சொல்லும். 21 நாள் சுழற்சியில் ஒன்றைத் தவறவிட்டால் அடுத்த வாய்ப்புக்கு மூன்று வாரம் காத்திருக்க வேண்டும் என்பதால், கொட்டிலில் அவிழ்த்துவிட்டு வளர்ப்பவருக்கு இது நல்ல முதலீடு. நாள் முழுக்கக் கட்டிப்போட்ட மாட்டுக்கு நடையே இல்லை, பாதி அறிகுறி போயிற்று. அங்கே அசைபோடும் நேரத்தையும் அளக்கும் பட்டையாக இருந்தால் மட்டும் யோசிக்கலாம்.

உலகில் இந்தத் தொழில்நுட்பம் பரவியது திருட்டைத் தடுக்க அல்ல, நோயின் தடத்தைப் பிடிக்க. 1996இல் பிரிட்டனில் பைத்தியப் பசு நோய் (பிஎஸ்இ) மனிதருக்கும் பரவக்கூடும் என்று தெரியவந்த பிறகு, இறைச்சி வாங்கும் நாடுகள் "இந்த மாடு எந்தப் பண்ணையிலிருந்து வந்தது" என்று கேட்கத் தொடங்கின. ஆஸ்திரேலியா 1999இல் தொடங்கி 2005இல் நாடு முழுக்க மின்னணு வில்லையைக் கட்டாயமாக்கியது. உருகுவே 2006இல் சட்டம் போட்டது. அமெரிக்காவில் 2024 நவம்பர் முதல், மாநிலம் விட்டு மாநிலம் போகும் குறிப்பிட்ட வகை மாடுகளுக்குப் போடும் அதிகாரபூர்வ வில்லை கண்ணாலும் கருவியாலும் படிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். நம் பண்ணையிலும் மாடு வாங்கி வந்த சந்தை, தேதி, விற்றவரின் ஊர் மூன்றையும் சில்லு எண்ணோடு எழுதி வைத்தால், அடுத்த முறை கோமாரி வந்தால் எந்த மாட்டோடு வந்ததென்று ஒரு மணி நேரத்தில் கண்டுபிடிக்கலாம்.

நாற்பது கறவை உள்ள பண்ணைக்கு எங்கள் பரிந்துரை: எண் பூட்டிய எஃப்டிஎக்ஸ்-பி வட்ட வில்லை, பிறக்கும் கன்றுக்கும் விழும் வில்லைக்கும் சேர்த்து மாட்டின் எண்ணிக்கையை விட ஐந்தில் ஒரு பங்கு அதிகமாக. அதே நிறுவனத்தின் குறடு ஒன்று, மாற்று ஊசி இரண்டு. விசைப்பலகை முறை உள்ள கைரீடர் ஒன்று. நடைவழிப் பலகை இரண்டாம் ஆண்டில் வரும் என்று தெரிந்தால் மட்டும் முதலிலிருந்தே எச்டிஎக்ஸ். மீதி வில்லைகளை வெயில் படாத டப்பாவில், எண் வரிசை கலையாமல், குறட்டோடு சேர்த்து வைத்துவிடுங்கள். கன்று பிறந்த அன்று தாயின் எண்ணை நோட்டில் எழுதி, கன்றின் காது வில்லையைத் தாங்கும் அளவுக்கு வளர்ந்ததும் மாட்டுங்கள். அதுவரை கன்றின் கழுத்துக் கயிற்றில் எண் எழுதிய பிளாஸ்டிக் அட்டை போதும்.